பழைய ஜீப்பை வீட்டிலேயே எழுப்பலாமா?

தேனி மாவட்டத்தில் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டியில் போக வேண்டுமானால், கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய் அங்கிருந்துதான் ஏற வேண்டும். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் ஆள் ஏற்றுகிறவை ஜீப்புகள். அவற்றில் பல, கம்பெனி உற்பத்தியை நிறுத்தி வெகுகாலம் ஆன மாடல்கள். அவற்றை ஓட்டிப் பிழைப்பவர்கள் ‘ரெஸ்டோரேஷன்’ என்ற பேச்சே எடுப்பதில்லை. போனதை மாற்றி, தேய்ந்ததைக் கடைந்து, மறுநாள் காலை வண்டி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டால் சரி. சமவெளியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, ராணுவ ஏலத்தில் வந்த எம்.எம். 540 ஒன்றையோ, யாரோ ஒருவர் தோட்டத்தில் மட்கிக் கிடந்த சி.ஜே. 3பி ஒன்றையோ வாங்கி, கார் ஷெட்டில் நிறுத்தி, என்ஜினைத் தானே பிரித்துப் பூட்ட ஆசைப்படுகிறவர்கள்.

இரண்டு தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான்: எதுவரை நம் கையில், எங்கிருந்து பட்டறைக்கு? பணத்தையும் பொழுதையும் வைத்து இதற்குப் பதில் சொல்வது வழக்கம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. எதை நம்மால் அளக்க முடிகிறதோ அதை வீட்டில் செய்யலாம். அளக்க முடியாததை வெளியே கொடுக்க வேண்டும். வீட்டில் பூட்டிய என்ஜின் சீக்கிரமே படுத்துவிட்டால், பெரும்பாலும் கைவேலையில் குறை இருக்காது. யாரோ ஒருவர் அளக்காமல் ‘சரியாகத்தான் இருக்கும்’ என்று விட்ட ஓர் இடம் இருக்கும்.

இந்த வேலைக்கு இந்தியாவில் ஜீப்பைவிடத் தோதான வண்டி கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்து குவித்த வண்டியின் நேர் வாரிசு இது. போர்முனையில், மரத்தடியில், பழக்கமில்லாத சிப்பாய் பிரித்துப் பூட்டும்படி வடிவமைத்தது. அதன் ‘கோ டெவில்’ பெட்ரோல் என்ஜின் 2,199 சி.சி., 60 குதிரைத் திறன்; வால்வுகள் எல்லாம் பிளாக்குக்குள்ளேயே இருக்கும். அடுத்து வந்த ‘ஹரிகேன்’ என்ஜினில் இன்டேக் வால்வுகள் மட்டும் ஹெட்டுக்கு ஏறின. அதனால் என்ஜின் உயரமானது, சி.ஜே. 3பியின் பானெட் அப்படித் துருத்திக்கொண்டு நிற்பதற்கு அதுதான் காரணம். 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன இந்த 3பியை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இங்கே செய்துகொண்டிருந்தது.

டீசலில் இரண்டு வம்சங்கள். பெஜோ உரிமத்தில் செய்த எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜினின் போர் 90 மி.மீ., ஸ்ட்ரோக் 83 மி.மீ., மொத்தம் 2,112 சி.சி. எம்.எம். 540இல் இருப்பது இதுதான். மற்றொன்று 2,523 சி.சி. எம்.டி.ஐ. இதன் போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6 மி.மீ. விநோதமான எண்களாகத் தெரியும். அங்குலத்தில் போட்டுப் பார்த்தால் மூன்றரை, நான்கு என்று வந்துவிடும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் என்ஜின் வழி வந்தது இது. இந்த வம்சாவளி வெறும் சுவாரசியத்துக்கு அல்ல. பெஜோ என்ஜின் உள்ள ஜீப்பில் என்ஜின் போல்ட்டுகள் மில்லிமீட்டர் மரை. சேஸிஸ், ஆக்ஸில் எல்லாம் பழைய அமெரிக்க அங்குல மரை. இரண்டும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால், ‘கொஞ்சம் டைட்டாகப் போகிறது’ என்று நினைத்துத் திருகும் போல்ட் மரையைத் தின்றுவிடும். ஆகவே டப்பாக்கள் இரண்டு, ஸ்பேனர் செட்டும் இரண்டு.

உதிரிபாகம் கிடைப்பது இன்னொரு தோது. செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1960களில் எழுந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகளால் பிஸ்டனும் ஸ்டார்ட்டரும் பிரேக் சிலிண்டரும் இறக்குமதிக்குக் காத்திராமல் உள்ளூரிலேயே செய்யும் பொருள்களாயின. சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் ஜீப் சாமான் கேட்டால் யாரும் விழிப்பதில்லை. லேண்ட் க்ரூசர் 40 வைத்திருப்பவர்களுக்கு டொயோட்டாவே 2021இல் பழைய பாகங்களை மறுபடி செய்து தருவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஜீப்புக்கு அந்தத் தேவையே வரவில்லை. தட்டுப்பாடு இல்லாத இடத்தில் போலி இருக்கும் என்பது இதன் மறுபக்கம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் தூக்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி.யை. சேஸிஸில் குத்தியிருக்கும் எண், என்ஜின் பிளாக்கில் இருக்கும் எண், புத்தகத்தில் இருக்கும் எண் மூன்றும் பொருந்த வேண்டும். பல ஜீப்புகளில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு எப்போதோ டீசலைப் போட்டிருப்பார்கள். அது புத்தகத்தில் ஏறியிருக்காது. ராணுவ ஏல வண்டிக்கு ஏலக் காகிதம், வெளிமாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று. ஹரியானாவின் டப்வாலியில் பழைய பாகங்களைச் சேர்த்துப் பளபளப்பாகக் கட்டித் தரும் ஜீப்புகள் நாடெங்கும் பெயர் பெற்றவை. ஆனால் ஒரு வண்டியின் புத்தகமும் இன்னொரு வண்டியின் உடம்புமாக வருவதை ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏற்காது. 15 ஆண்டு தாண்டிய கார் வகை வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.

அடுத்தது சேஸிஸ். என்ஜினுக்கு லேத் இருக்கிறது. சேஸிஸ் உளுத்துப்போனால் மிஞ்சுவது எடைக்குப் போடும் இரும்புதான். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டை தொங்கும் கொக்கிகள், பாடி உட்காரும் இடங்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்னும். துரு தின்றது மொத்தென்று கேட்கும். சேஸிஸ் சட்டத்துக்குள் புகுந்த சேறு மலையில் வெளியேறாமல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடலோர வண்டியில் உப்பு வெளியிலிருந்து தின்னும். பாடியில் டிங்கரிங் செய்து பட்டி பூசி மறைத்த இடத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். பழைய பெயின்ட்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆகவே உலர்வாகத் தேய்த்துப் புழுதி கிளப்பவோ, பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும்.

இனி என்ஜின். அதைப் பிரிப்பதற்கு முன், பிரிக்கத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். புகை கொஞ்சம் பேசும்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு, சூடான பிறகும் விடாத வெள்ளை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று வருவதை மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். இவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்து எழுத வேண்டும். எண் குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளந்தால் எண் ஏறுகிறதா? ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். அது வெறும் ஹெட் வேலையாக முடிந்துவிடலாம். ‘எப்படியும் பிரிக்கிறோம், எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

என்ஜினை இறக்க செயின் பிளாக்கும் அதைத் தாங்கும் இரும்பு முக்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். வீட்டு உத்தரத்தை நம்ப வேண்டாம். வண்டிக்கு அடியில் ஹாலோ பிளாக் கல் வைத்துப் படுக்கவே வேண்டாம். அது நொறுங்குமுன் எச்சரிக்காது. பிரிப்பது ஒரே நாள் வேலை என்று தோன்றும். மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை அது. மெயின் பேரிங் மூடிகளை பிளாக்கோடு பூட்டித்தான் ஆலையில் துளை கடைந்திருப்பார்கள். ஆகவே எந்த மூடி எந்த இடம், எந்தப் பக்கம் முன்னால் என்று புள்ளி குத்திக் குறிக்க வேண்டும். கனெக்டிங் ராட் மூடிகளுக்கும் அதே விதி. இடம் மாறிய மூடி அழகாகவே பூட்டிக்கொள்ளும், கிராங்க்தான் சுற்றாது. சுற்றினாலும் நாளாகாமல் பேரிங்கைத் தின்றுவிடும்.

பிளாக் வெறுமையாகி மேசைக்கு வந்ததும் வேலையின் நடுப்பகுதி தொடங்குகிறது. வீட்டில் செய்கிறவருக்கு உண்மையான அனுகூலம் கிடைப்பதும் இங்கேதான். பட்டறையில் மெக்கானிக்குக்கு நேரம் கிடையாது. போரின் மேல் விளிம்பில் விரலை விட்டு, நகத்தில் மேடு தட்டினால் ‘போரிங் போடணும்’ என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் எவ்வளவு என்பதை விரல் சொல்லாது. டயல் போர் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வோர் உயரத்திலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்தால் ஆறு எண்கள் கிடைக்கும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் சிலிண்டர் எவ்வளவு கூம்பியிருக்கிறது என்று சொல்லும். குறுக்குக்கும் நெடுக்குக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு முட்டையாகியிருக்கிறது என்று சொல்லும். பழைய என்ஜின்களில் பொதுவாக 0.12 மி.மீ.க்கு மேல் கூம்பியிருந்தால் புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. அந்த வடிவத்தில் எந்த ரிங்கும் உட்காராது.

அளக்கும்போது வெப்பத்தை மறக்கக் கூடாது. வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு சுமார் 11 மைக்ரான் நீளும். முற்றத்து வெயிலில் கிடந்த பிளாக்கை நிழலுக்குக் கொண்டுவந்த உடனே அளந்தால், 20 டிகிரி வித்தியாசத்தில் 90 மி.மீ. போர் 0.02 மி.மீ. பெரிதாகக் காட்டும். பிஸ்டனுக்கும் போருக்கும் உள்ள மொத்த இடைவெளியே அதைப் போலச் சில மடங்குதான் என்னும்போது அது பெரிய பிசகு. பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்துக் காலையில் அளப்பது நல்லது.

போரிங் கடைக்கு பிளாக்கை மட்டும் கொண்டுபோகக் கூடாது. முதலில் ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க வேண்டும். கடைக்காரர்கள் ‘டென்’, ‘ட்வென்டி’, ‘தர்ட்டி’ என்று சுருக்கிச் சொல்பவை அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பெருத்தவை. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், ஸ்கர்ட் பகுதியை அளந்து, ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஏற்றபடி அதன் சிலிண்டரைக் கடைய வேண்டும். இப்படிக் கேட்டால் நல்ல கடைக்காரர் சந்தோஷப்படுவார். சலித்துக்கொள்பவரிடம் பிளாக்கைக் கொடுக்காமல் திரும்பிவிடலாம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம்: பம்ப், மோட்டார், நூற்பாலைத் தொழில்களால் வளர்ந்த லேத்துக் கடைகள் அங்கே தெருவுக்குத் தெரு.

கிராங்கைக் கிரைண்டிங் கொடுக்கும்போது எல்லாரும் விட்டத்தைத்தான் கேட்கிறார்கள். ஜர்னலின் ஓரத்தில், அது பக்கச் சுவரைச் சந்திக்கும் இடத்தில் ஒரு வளைவு உண்டு. தேய்ந்த சாணைக்கல்லை வைத்து அவசரமாகக் கடைந்தால் அந்த வளைவு கூர்மூலையாகிவிடும். விட்டம் அச்சுப் பிசகாமல் இருக்கும். அந்த மூலையில் விரிசல் பிறந்து ஏதோ ஒரு மேட்டில் கிராங்க் இரண்டாகும். கிராங்க் திரும்பி வந்ததும் முதலில் அந்த ஓரங்களை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு பேரிங் இடைவெளி: பழைய கைவிதிப்படி ஓர் அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம், அதாவது 55 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. சொச்சம். இதைத் தலைமுடியைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம் நிரப்புகிறது. மொத்தச் சுமையும் அதன் மேல்தான். போர் கேஜ் இல்லாதவர்கள் பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகுநூலை வைத்து மூடியை முறுக்கி, அது எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்று பார்த்து இதை அறியலாம். ரிங்கை வெறும் போருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி மட்டம் பார்த்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். மூன்றரை அங்குலப் போருக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. குறைந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி ரிங் ஒடியும். இறுதி எண் எப்போதும் அந்த என்ஜினின் மேனுவலில் இருப்பதுதான். கைவிதி, சந்தேகம் எழுப்புவதற்கு மட்டும்.

ஹோனிங் முடிந்து வந்த போரைப் பெரும்பாலோர் டீசலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவுகிறார்கள். இது பரவலான தப்பு. அவை எண்ணெயை எடுக்கும். ஹோனிங் கல் போட்ட வரிகளுக்குள் சிக்கிய சாணைத்தூளை அங்கேயே விட்டுவிடும். வெந்நீர், சோப்பு, நார்த் தூரிகை, இவைதான் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரை திரும்பத் திரும்பக் கழுவி, உடனே உலர்த்தி, ஆயில் பூச வேண்டும். நம் ஈரக்காற்றில் அரை மணியில் துரு பூத்துவிடும்.

ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு இடையில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும், மட்டம் கடைவதும், கைடு மாற்றுவதும் வெளிவேலை. பேஸ்ட் தடவி வால்வைத் தேய்த்து உட்கார்த்துவதும், மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பதும் வீட்டு வேலை. டீசல் பம்ப்பில் மட்டும் கை வைக்கவே கூடாது. பாஷ் தொடர்பில் 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோவின் பெயரைச் சொல்லியே நம்மவர்கள் அதைக் கேட்பார்கள். அதன் உள்ளுறுப்புகள் சில மைக்ரான் இடைவெளியில் ஜோடி சேர்த்தவை. நம்மிடம் இருக்கும் எந்தக் கருவியும் அதை அளக்காது. ஆகவே அது டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்கே போக வேண்டும். இன்ஜெக்டர்களும் அப்படியே.

பாகங்களின் தரம் பற்றிச் சொல்வதாக இருந்தேன். போலிப் பெட்டியும் ஹோலோகிராமும் அசல் மாதிரியே வருகின்றன. கண்ணால் பிரிப்பது கடினம். ஆனால் போலி பேரிங் ஷெல்லின் தடிப்பு ஜோடிக்கு ஜோடி மாறும், போலி பிஸ்டன்கள் நான்கும் நான்கு எடை காட்டும். பலசரக்குக் கடைத் தராசே போதும். ரப்பர் சாமான்களில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே பழகிய கடை ஒன்றைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேரிங், ஆயில் சீல், ஷிம் கணக்கு, கொஞ்சம் பொறுமை. ஒன்று மட்டும்: இந்த ஜீப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு டயரும் ஒரே சுற்றளவாக இருக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் முன் ஆக்ஸிலைக் கோத்துக்கொண்டு ஓட்டினால், எவ்வளவு அருமையாகப் பூட்டிய பெட்டியும் முறுக்கேறி உடையும்.

அசல் முக்கியமா, மாற்றம் முக்கியமா என்ற வாதம் ஜீப் பிரியர்களிடையே ஓயாதது. சட்டம் அசலின் பக்கம் சாய்ந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, சேஸிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் மாற்றம் செய்யாதவற்றுக்கே ‘வி.ஏ.’ எழுத்துடன் எண் தருகிறது. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். அந்த வண்டியை அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. எனவே 3பியில் ஏதோ ஒரு டர்போ டீசலைத் திணிக்க நினைப்பவர், பிற்காலத்தில் அந்த எண்ணுக்கு ஆசைப்பட முடியாது. மலைப்பாதை ஓட்டுநருக்கு இந்த விவாதமெல்லாம் ஆடம்பரம். அவருக்கு எது ஏறுகிறதோ அதுவே அசல். என் கட்சி இரண்டுக்கும் நடுவே: என்ஜின் அதன் இனத்திலேயே இருக்கட்டும், ஆனால் பிரேக்கில் வறட்டுப் பிடிவாதம் வேண்டாம். பழைய ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அனுமதி பெற்று இரட்டைச் சுற்று மாட்டுவதை ‘அசல் கெட்டுவிட்டது’ என்று குறை சொல்கிறவர், கொடைக்கானல் மலையில் அந்த வண்டியை ஒருமுறை இறக்கிப் பார்க்கட்டும்.

பெட்ரோல் ஜீப்புக்கு எரிபொருளும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. வால்வு சீட்டுக்கு ஈயம் தந்த காப்பு அதோடு போயிற்று. ஆகவே ஹெட்டும் பிளாக்கும் கடைக்குப் போகும்போது எக்ஸாஸ்ட் சீட்டு கடின எஃகு வகையா என்று கேட்டுவிடுவது நல்லது. இப்போது 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் அதைத் தாங்கச் செய்தவை அல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸ் கிடைக்கிறது. என்ஜின் கீழே இருக்கும்போதே மாற்றிவிட்டால் வேலை எளிது.

பூட்டிய என்ஜினை உடனே முடுக்கக் கூடாது. பெட்ரோல் என்றால் பிளக்குகளையும், டீசல் என்றால் இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் மீட்டர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். முதல் நொடிகளில் காய்ந்த பேரிங்தான் முதலில் அடிபடும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று நான்கு தவணையில், டார்க் ரெஞ்சால் முறுக்கி, பழைய வகை கேஸ்கெட் என்றால் ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். பிறகு நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும்: புது என்ஜினை நாள் முழுக்க ஐடிலில் ஓடவிட்டு ‘செட்’ பண்ணுவது. ரிங்கை போரோடு அழுத்துவது சிலிண்டருக்குள் எரிந்த வாயுவின் அழுத்தம். சுமையில்லாமல் ஓடும் என்ஜினில் அந்த அழுத்தம் போதாது. போரின் வரிகள் பளபளவென்று வழுவழுப்பாகிவிட்டால், ரிங் அதற்குப் பிறகு உட்காரவே உட்காராது. ஒருகாலத்தில் ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று பின்னால் எழுதி ஒட்டிக்கொண்டு சாலையில் போனவர்கள் செய்தது சரியான காரியம். மிதமான வேகம், மிதமான ஏற்றம், ஒரே வேகத்தில் நிலைக்காமல் கூட்டியும் குறைத்தும் ஓட்டுதல், டெம்பரேச்சர் முள்ளின் மேல் ஒரு கண். சில நூறு கிலோமீட்டரில் முதல் ஆயிலை இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பொடி ஒட்டினால் அது ரிங் உட்காரும் தூள், கவலை இல்லை. காந்தம் இழுக்காத செம்பு நிறத் துகளோ ஈயப் பளபளப்புள்ள செதிளோ துணியில் தங்கினால், சம்ப்பை அன்றைக்கே இறக்கி, ஜர்னல் ஜர்னலாக மறுபடி அளக்கத் தொடங்க வேண்டும்.